தோலில் படக்கூடாது

திங்கள்சந்தை ரோடு, தகரக் கூரை,
சித்திரை மதியம் இரண்டரை.
டைட்டஸ் அண்ணனின் கார்க்கதவைத் திறந்தேன்.
உள்ளே யாரோ அடக்கி வைத்திருந்த மூச்சை
என் முகத்தில் விட்டதுபோல் இருந்தது.

சந்தன நிற சீட்.
திருவனந்தபுரத்து டாக்டர் ஒருவர் ஓட்டிக் கழித்த வண்டி.
அண்ணனுக்குக் குளச்சலில் ஐஸ் கம்பெனி.
இரண்டு வருஷமாக உப்புக்காற்றும்
அவருடைய வியர்வையும்
அந்தச் சந்தனத்தில் உட்கார்ந்து எழும்பியிருக்கின்றன.

"எண்ண கொஞ்சம் தேச்சேன் கேட்டியா மக்களே"
என்றார், பாவசங்கீர்த்தனக் குரலில்.
"நம்ம தேங்கா. செக்குல ஆட்டுனது."

எங்கள் பக்கம் எண்ணெய்க்கு அடங்காத வியாதி கிடையாது.
தலைக்கு, மூட்டுக்கு, கதவுக் கீலுக்கு,
பிறந்த பிள்ளையின் தொப்புளுக்கு.
காரை மட்டும் ஏன் விடவேண்டும் என்று நினைத்திருப்பார்.
மூன்று வாரம் வெயிலில் வெந்து
பிசுபிசுத்து, கறுத்து,
பின்சீட்டுத் தையலில் ஒரு வரிசை எறும்பு.
காறிப்போச்சு அண்ணா என்றேன்.
காரல் மீனா, வண்டியில ஏத்தினதே இல்லையே
என்று சத்தியம் செய்தார்.

முதலில் இடுக்குகளை உறிஞ்சி எடுத்தேன்:
இரண்டு ரூபாய், ஒரு ஜெபமாலை மணி, இறால் மீசை.
பிறகு யாரும் பார்க்காத அடிமூலையில்
நுரையைத் தொட்டு வைத்துக் காத்திருந்தேன்.
சாயம் கழன்றால் அங்கேயே தெரிந்துவிடும்.
கல்யாணத்துக்கு முன் யாரும் இப்படிப் பார்ப்பதில்லை.

நுரை மட்டும்தான். தண்ணீர் ஊற்றக்கூடாது.
சீட் நடுவே ஊசிக்கண்கள் ஆயிரம்.
குடித்ததைத் திருப்பித் தராது,
உள்ளே ஸ்பாஞ்சில் வைத்துப் புளிக்கவைக்கும்.
ஒரு சாண் துலக்கு, துடை.
அடுத்த சாண்.
வெள்ளைத் துணி தேயிலை நிறமாகி
பிறகு கருப்பட்டி நிறமாயிற்று.

டிரைவர் சீட்டின் வலது ஓரம் வெடித்திருந்தது,
ஏறும்போதும் இறங்கும்போதும் இடுப்பு உரசுகிற இடம்.
"இது கூடுமா?"
கூடாது அண்ணா.
இனி கூடாமல் பார்த்துக்கொள்ளலாம்.

நிழலில் விடுங்கள் என்றேன்.
அதில்தான் பேச்சு நீண்டது.
தென்னைக்கு அடியில் விட்டால் கண்ணாடி போகும்.
பலா பால் சொட்டும்.
புளியில் வௌவால்.
மச்சினன் தோட்டத்தில் விட்டால்
ரப்பர் காய் வெடித்துப் பானெட்டில் விழும்.
மரத்துக்குக் குறைவில்லாத மாவட்டம்,
சும்மா நிழல் தருகிற மரம்தான் ஒன்றும் இல்லை.
கடைசியில் முன்கண்ணாடிக்கு
ஒரு வெள்ளிநிற அட்டை வாங்க ஒத்துக்கொண்டார்.

காய்ந்த பிறகு கிரீம்.
கையுறை மாட்டினால்
இந்த வெக்கையில் உள்ளே குளம் கட்டுகிறது,
அதனால் வெறுங்கை.
வட்டம் வட்டமாகத் தேய்க்கத் தேய்க்க
சீட் மெல்ல மங்கி அடங்கியது.
மினுங்கக் கூடாது. மினுங்கினால் வழுக்கும்.

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு
பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கி
எழுத்துக்கூட்டி வாசித்தார்.
தோலுக்கு முழுமையான பாதுகாப்பு.
திருப்பினார்.
எச்சரிக்கை: தோலில் படக்கூடாது.

"அப்போ இது எந்தத் தோலுக்கு மக்களே?"

சீட்டைக் காட்டினேன்.
அவர் என் விரல்களைப் பார்த்தார்,
ஐஸ் அள்ளி அள்ளி வெளுத்துப்போன தன் கையையும்.
அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.
சொன்ன தொகைக்குப் பேரம் பேசவும் இல்லை.

போகும்போது முதுகு சாய்க்காமல்
நுனியில் இருந்து ஓட்டிப்போனார்,
சம்பந்தி வீட்டு சோபாவில் இருப்பதுபோல.

டிக்கியில் கிடந்த மீதி எண்ணெயை
"இனி வண்டிக்கு வேண்டாம்லா" என்று
என் மேசைமேல் வைத்திருந்தார்.
முக்கால் பாட்டில்.

ராத்திரி பூட்டிவிட்டுக் கிளம்பும் முன்
விரல் இடுக்குகளில் தேய்த்துக்கொள்கிறேன்.
மூன்று வாரமாகிறது.
எறும்பு வரவில்லை.